ஸ்பேனரைக் கொடுத்தேன், முடிவைக் கொடுக்கவில்லை

ஒரு நாள் மதியம், மூன்றாவது மாடி வெளிச்சுவரில் ஏசியின் அவுட்டோர் யூனிட் பக்கத்தில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு கேஸ் பிரஷர் பார்க்கிற கேஜை மாட்டிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. எடுத்தேன். "அண்ணே, கெபாசிட்டர் உப்பிப் போயிருக்கு, மாத்திரட்டுமா?" மாத்து என்றேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, இன்னொருவர். "அண்ணே, இங்க ரெண்டு ஏசி இருக்கு, நாம ஒண்ணுக்குத்தான் வந்தோம், இன்னொண்ணையும் பாக்கச் சொல்றாங்க, பாக்கவா?" பாருங்க என்றேன். ஃபோனைப் பைக்குள் வைப்பதற்குள் மூன்றாவது ஆள்.

அன்றைக்கு ராத்திரி ஒரு எரிச்சலில் ஃபோனை எடுத்து அழைப்புகளை எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 43. அதில் 29 என்னிடம் வேலை பார்க்கிற மூன்று பேரிடமிருந்து. ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திப் பார்த்ததில், எனக்கு மட்டுமே பதில் தெரிந்த கேள்வி என்று தேறியது நான்கு. மற்ற 25க்கும் பதில் கேட்டவருக்கே தெரியும். உப்பிப்போன கெபாசிட்டரை மாற்றாமல் என்ன செய்ய முடியும்? அந்தப் பையனுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் முந்தின மாசம் கேட்காமல் எதையோ மாற்றியதற்கு நான் கத்தியிருக்கிறேன். அதனால் கேட்கிறான்.

அப்போதுதான் உறைத்தது. வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, நான் கொடுத்தது ஸ்பேனரை மட்டும்தான். முடிவெடுப்பது முழுக்க என் சட்டைப் பையிலேயே இருந்தது.

கொஞ்சம் பின்னால் போகிறேன். ஏசி சர்வீஸ் வேலையைத் தனி ஆளாகத்தான் தொடங்கினேன். ஒரு வண்டி, ஒரு டூல் பை, ஒரு ஜெட் பம்ப், ஒரு ஃபோன் நம்பர். முதல் இரண்டு வருஷம் மெக்கானிக் நான், ஹெல்பர் நான், பில் போடுவது நான், பணம் வரவில்லை என்றால் கூச்சப்பட்டுக்கொண்டே ஃபோன் செய்வதும் நான். வேலை கூடியதும் ஆள் சேர்த்தேன். ஒரு ஆள் வந்தால் சுமை பாதியாகும், மூன்று பேர் வந்தால் நான் உட்கார்ந்து கணக்கு மட்டும் பார்க்கலாம் என்று ஒரு நினைப்பு. நடந்தது தலைகீழ். என் வேலையும் குறையவில்லை, அவர்கள் மூன்று பேருடைய வேலைக்கான யோசனையும் என் தலையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

முதலில் வந்தவன் ஹெல்பர், நல்ல பையன். ஒரு வீட்டில் டிரெய்ன் பைப் அடைத்து இன்டோர் யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவனைச் செய்யச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்றேன். யூனிட் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, டிரேயில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று எதையும் பார்க்காமல் நேராகப் பைப்பை ஊத ஆரம்பித்தான். எனக்குக் கை பரபரத்தது. "குடுடா, நான் பண்ணா பத்து நிமிஷம்" என்று வாங்கி நானே முடித்துவிட்டேன். அடுத்த வீட்டிலும் அதேதான். ஆறு மாசம் ஆன பிறகும் அவன் என் டூல் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துகொண்டிருந்தான், நானும் 'இந்தக் காலத்துப் பசங்களுக்குக் கத்துக்கிற ஆர்வமே இல்ல' என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பத்து நிமிஷக் கணக்கை ஒரு நாள் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நான் செய்தால் பத்து நிமிஷம், சரி. அவனுக்குக் கற்றுக்கொடுக்க எவ்வளவு ஆகும்? நான் செய்து காட்டி, அவன் செய்ய நான் பார்த்து, அவன் சொதப்பி, மறுபடி செய்து, எல்லாம் சேர்த்து ஒரு மூன்று மணி நேரம். அதாவது 180 நிமிஷம். அந்த வேலையை நான் 18 தடவை செய்கிற நேரம். டிரெய்ன் அடைப்பு வாரத்துக்கு நான்கு வரும். ஐந்தாவது வாரத்தில் கற்றுக்கொடுத்த நேரம் திரும்பி வந்துவிடுகிறது, அதற்கப்புறம் வருஷம் பூராவும் கிட்டத்தட்ட 30 மணி நேரம் எனக்கு லாபம். இது ஒரே ஒரு வேலைக்கு. இப்படிப் பத்துப் பதினைந்து வேலைகளை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் கற்றுக்கொடுக்கிறேன் என்று உட்கார்ந்தபோதுதான் இன்னொரு சங்கதி புரிந்தது. என் கைக்குத் தெரிந்த எதுவும் என் வாய்க்குத் தெரியவில்லை. காப்பர் பைப்பில் பிளேர் போடுவதை, அதாவது நட்டு வைத்து இறுக்குவதற்காகப் பைப்பின் வாயை விரிப்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டியதும் உள் விளிம்பில் இருக்கும் பிசிறை எடுக்க வேண்டும். எடுக்கும்போது பைப்பின் வாய் கீழே பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் தாமிரப் பொடி உள்ளே விழுந்து கடைசியில் கம்ப்ரசருக்குத்தான் போகும். நட்டை முதலிலேயே பைப்பில் போட்டுவிட வேண்டும், பிளேர் போட்ட பிறகு நட்டு உள்ளே நுழையாது. (இதை வாழ்நாளில் ஒரு தடவையாவது மறக்காத மெக்கானிக் கிடையாது.) இதெல்லாம் சொல்லிவிட்டேன். கடைசியில் பையன் கேட்டான், "எவ்வளவுண்ணே இறுக்கணும்?" பதமா இறுக்கு என்றேன். "பதம்னா எவ்வளவுண்ணே?"

பதில் இல்லை. என் பதம் என் மணிக்கட்டில் பத்து வருஷமாகச் சேர்ந்தது, அதை எப்படி அவன் கையில் வைப்பது? குறைவாக இறுக்கினால் கசியும், அதிகமாக இறுக்கினால் பிளேர் நசுங்கி அப்புறம் கசியும். மறுநாள் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கினேன். கால் இஞ்ச் பைப்புக்குச் சுமார் 14 முதல் 18 நியூட்டன் மீட்டர் என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறது, நான்தான் அதுவரை திறந்து பார்த்ததில்லை. ரெஞ்ச் 'டக்' என்றதும் நிறுத்திவிடு, அவ்வளவுதான். அந்த ஒரு கருவி வந்த பிறகு பிளேர் கசிவு என்று திரும்பி வந்த கம்ப்ளைன்ட் பாதிக்கும் கீழே போனது. இதில் எனக்குக் கொஞ்சம் அவமானமும் உண்டு, ஏனென்றால் அந்தக் கசிவுகளில் சில என் 'பதம்' போட்டதுதான்.

அதற்கப்புறம் என்னென்ன வேலையில் நான் 'பதமா', 'பாத்துப் பண்ணு', 'நல்லா சுத்தம் பண்ணு' என்று சொல்கிறேனோ அதையெல்லாம் தேடித் தேடி எடுத்தேன். நல்லா சுத்தம் என்றால் என்ன? காயிலின் பின்பக்கம் டார்ச் அடித்தால் இடுக்கில் வெளிச்சம் தெரிய வேண்டும். அப்படிச் சொன்னால் சண்டையே இல்லை, தெரிகிறதா தெரியவில்லையா என்று இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளலாம்.

உற்சாகத்தில் எல்லாவற்றையும் எழுதி 61 வரிப் பட்டியல் ஒன்று தயாரித்து, பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். ஒருவரும் படிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒன்றின் மேல் கேஜ் ஹோஸைச் சுற்றி வைத்திருந்ததைப் பார்த்தேன். கோபம் வந்தது, அப்புறம் நானே படித்துப் பார்த்தேன். 'யூனிட்டை ஆஃப் செய்யவும்' என்று ஒரு வரி. மெக்கானிக்கிடம் இதைச் சொன்னால் மதிப்பானா?

1935ஆம் வருஷம் போயிங் செய்த ஒரு புது குண்டுவீச்சு விமானம், பிற்பாடு பி-17 என்று பேர் வாங்கியது, சோதனையின்போது கிளம்பிய உடனே விழுந்து நொறுங்கியது. ஓட்டியவர் கைதேர்ந்த விமானி. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமல் இருக்க வால்பகுதியில் அசையும் பாகங்களைப் பூட்டி வைப்பார்கள், அந்தப் பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். தெரியாமல் இல்லை, அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் விமானிகளுக்குச் சின்னச் செக்லிஸ்ட் என்ற வழக்கம் வேரூன்றியது. இதைப் படித்ததும் என் பட்டியலில் இருந்த தப்பு தெரிந்தது. நான் தெரியாதவனுக்குப் பாடம் எழுதியிருந்தேன். வேண்டியது தெரிந்தவன் அவசரத்தில் மறக்கிற விஷயங்கள் மட்டும். 61 வரி ஒன்பதாகச் சுருங்கியது. அந்த ஒன்பதில் முதல் வரி வாக்யூம்.

வாக்யூம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஆள் வைத்து வேலை வாங்குகிற எந்தத் தொழிலுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. புது ஏசி மாட்டும்போது பைப்புக்குள் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்த பிறகுதான் கேஸைத் திறந்துவிட வேண்டும். உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டுகிற மைக்ரான் கேஜில் 500க்குக் கீழே இறங்கி, பம்ப்பை நிறுத்தினாலும் பெரிதாக ஏறாமல் நிற்க வேண்டும். இதற்கு அரை மணி நேரம் போகும். அவசரத்தில் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்றால், அன்றைக்கு ஒன்றும் ஆகாது! ஏசி ஓடும், குளிரும், வாடிக்கையாளர் சந்தோஷமாகக் காசு கொடுப்பார். ஆனால் ஆர்-410ஏ, ஆர்-32 என்கிற கேஸ் போட்ட ஏசிகளின் கம்ப்ரசரில் பெரும்பாலும் இருக்கிற எண்ணெய் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு மெல்ல அமிலமாக மாறும், மாசக்கணக்கில் உள்ளே அரிக்கும். கம்ப்ரசர் போகும்போது வேலை பார்த்தவனும் மறந்திருப்பான், நானும் மறந்திருப்பேன். ஆக, 'தப்பு நடந்தால் கம்ப்ளைன்ட் வரும், வந்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருப்பது சில வேலைகளில் செல்லாது. அந்த மாதிரி வேலைகளை மட்டும் அப்போதே பார்க்க வேண்டும். மைக்ரான் கேஜைப் படமெடுத்து அனுப்பினால் போதும் என்று வைத்தேன். மற்ற எட்டு வரிக்கும் படம் கேட்பதில்லை. எல்லாவற்றுக்கும் படம் கேட்டால் அது நம்பிக்கையும் இல்லை, மேற்பார்வையும் இல்லை, வெறும் போட்டோ ஆல்பம்.

சரி, முடிவுக்கு வருகிறேன், அதாவது முடிவெடுக்கிற விஷயத்துக்கு.

மூன்று பேரையும் உட்கார வைத்துப் பேசி மூன்று வகையாகப் பிரித்தோம். முதல் வகைக்குக் கேட்கவே வேண்டாம்: கெபாசிட்டர், சென்சார் மாதிரி ஒரு சர்வீஸ் கட்டணத்துக்குள் அடங்குகிற பாகத்தை, வாடிக்கையாளர் சரி என்றால் மாற்றலாம், 30 நாளுக்குள் அதே கம்ப்ளைன்ட் திரும்பி வந்தால் காசு வாங்காமல் செய்து கொடுக்கலாம், லேட்டாகும் என்றால் அடுத்த வீட்டுக்கு அவர்களே ஃபோன் செய்து நேரம் மாற்றலாம். இரண்டாவது வகை, செய்துவிட்டுச் சாயங்காலம் சொன்னால் போதும்: தள்ளுபடி, கூடுதல் யூனிட் பார்ப்பது, இப்படி. மூன்றாவது, கேட்காமல் தொடக்கூடாது: கம்ப்ரசர் மாற்றுவது, சுவர் உடைப்பது, அப்புறம் லைனில் கேஸ் இருக்கும்போது பக்கத்தில் பைப் ஒட்டுகிற நெருப்பு டார்ச்சைப் பற்ற வைப்பது. ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கிற ரகம், அதில் விளையாட்டே கூடாது. கடைசியாக ஒன்று அவர்களாகவே சேர்த்தார்கள். பெல்ட் இல்லாமல் வெளிச்சுவரில் ஏறச் சொன்னால், நானே சொன்னாலும், முடியாது என்று சொல்லலாம். (முதல் பத்தியில் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று கேட்காதீர்கள்.)

ஃபோன் உடனே குறைந்துவிட்டது என்று நினைத்தால் இல்லை. முதல் வாரம் யாரும் என்னை நம்பவில்லை. கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள், நான் ஒவ்வொன்றுக்கும் "உங்களுக்கு என்ன தோணுது?" என்று திருப்பிக் கேட்டேன். அவர்கள் சொன்னது நான் செய்திருக்கக்கூடியதிலிருந்து கொஞ்சம் வேறாக இருந்தாலும், ஆபத்து இல்லை என்றால், "அப்படியே பண்ணிருங்க." இதைச் சொல்வது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்றால், நாலைந்து தடவை ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிடப் போய் நிறுத்தியிருக்கிறேன். இரண்டு மாசத்தில் 29 அழைப்பு ஏழெட்டாகக் குறைந்தது.

அதற்கு விலையும் கொடுத்தேன். ஒருவர் 30 நாள் விதியை வைத்து ஒரு ஃபேன் மோட்டாரையே இலவசமாக மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். நாங்கள் போன மாசம் செய்தது வெறும் வாட்டர் சர்வீஸ், மோட்டாருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் அந்த வீட்டில் சத்தம் போட்டிருக்கிறார்கள், இவர் பயந்துவிட்டார். அன்றைய மொத்த லாபமும் போச்சு. தொண்டை வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கினேன். அன்றைக்குக் கத்தியிருந்தால் மறுநாளிலிருந்து 29 அழைப்புக்குத் திரும்பியிருப்போம். விதியைத்தான் திருத்தினோம்: 'நாம் தொட்ட பாகத்தில் வந்த அதே கம்ப்ளைன்ட்.' நான்கே வார்த்தை கூடியது. உண்மையில் தப்பு அவருடையது அல்ல, அரைகுறையாக விதி சொன்ன என்னுடையது. இதை நான் அன்றைக்கே அவரிடம் சொன்னேனா என்றால், இல்லை, ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன்.

வாடிக்கையாளர்கள் இன்னொரு பக்கம். "நீங்களே வாங்க, பசங்களை அனுப்பாதீங்க" என்று பாதிப் பேர் சொல்வார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து. நானும் ரொம்ப நாள் அந்தப் பெருமைக்காகவே ஓடினேன். அப்புறம் ஒரு வழி செய்தேன். பழைய வாடிக்கையாளர் வீட்டுக்கு மெக்கானிக்கோடு சேர்ந்து போவேன், கையில் ஒரு டூலும் எடுத்துக்கொள்ள மாட்டேன். அவர் என்னைப் பார்த்து "கேஸ் குறைஞ்சிருக்குமோ?" என்பார். நான் பக்கத்தில் திரும்பி, "நீங்க சொல்லுங்க" என்று மெக்கானிக்கிடம் விட்டுவிடுவேன். இரண்டாவது கேள்விக்கும் அப்படியே. மூன்றாவது கேள்வியை அவர் நேராக மெக்கானிக்கிடம் கேட்பார். இரண்டு தடவை இப்படிப் போனால் போதும், மூன்றாவது தடவை அவரே, "அன்னிக்கு வந்தாரே, அவரையே அனுப்புங்க" என்பார். என் பேரைச் சொல்லாதது முதல் தடவை கொஞ்சம் குத்தியது.

தொழில் நம்பரையும் என் சொந்த நம்பரையும் பிரித்தது இதே சமயத்தில். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

எழுதத் தயங்கியது இது. என்னிடம் இருந்ததிலேயே நல்ல கை உள்ள மெக்கானிக் ஒருவர் போய்விட்டார். போகும்போது பத்துப் பன்னிரண்டு வாடிக்கையாளர்களும் அவரோடு போனார்கள். நன்றி கெட்டவன், தொழில் சொல்லிக் கொடுத்தவனுக்கே துரோகம், இப்படி நான் பேசாத பேச்சு இல்லை. மாசக்கணக்கு கழித்து, கூட வேலை பார்த்த இன்னொருவர்தான் மெல்லச் சொன்னார். "அந்த ஆபீஸ்ல வச்சு அவர் கையிலேர்ந்து கேஜைப் பிடுங்கினீங்கல்ல, அன்னிக்கே முடிவு பண்ணிட்டார்ணே."

எனக்கு அப்படி ஒன்று நடந்ததே ஞாபகம் இல்லை. யோசித்துப் பார்த்ததும் வந்தது. பெரிய இடம், ஆறு யூனிட், முதல் வேலை. அவர் கேஸை எடை போட்டு ஏற்றிக்கொண்டிருந்தார், அதுதான் சரியான முறையும்கூட, யூனிட்டின் பிளேட்டில் போட்டிருக்கிற கிராம் அளவுக்கு. எனக்கு அவசரம். "இவ்வளவு நேரமா? தள்ளுங்க" என்று, அந்த ஆபீஸ் மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கேஜை வாங்கி பிரஷரைப் பார்த்து ஏற்றி முடித்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டூல்களைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். நான் அதை ஒத்துப்போகிறார் என்று எடுத்துக்கொண்டேன். வாடிக்கையாளர்களை அவர் இழுத்துக்கொண்டு போகவில்லை, அவர்களுக்கு அவரைப் பிடித்திருந்தது, போனார்கள். அதைத் தடுக்க ஒப்பந்தம் போடலாம் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இப்போது ஒரே ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: வாடிக்கையாளர் முன்னால் யாரையும் திருத்துவதில்லை, ஆபத்தான விஷயம் தவிர. வண்டியில் திரும்பும்போது பேசிக்கொள்ளலாம்.

பணம். இதை விட்டுவிட்டு ஆள் சேர்ப்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. தனியாக வேலை பார்த்தபோது நான் வாங்கிய கட்டணத்தில் என் கூலி என்று எதையும் தனியாக எழுதவில்லை, மிச்சம் இருப்பதெல்லாம் என்னுடையது. அதே கட்டணத்துக்கு அதே வேலையை ஆள் அனுப்பிச் செய்தபோது மிச்சமே இல்லை. அது எப்படி என்று ரொம்ப நாள் புரியவில்லை. ஒரு ஆளுக்கு எட்டு மணி நேரச் சம்பளம் கொடுக்கிறேன். போக வர இரண்டு மணி நேரம், பாகம் வாங்கக் காத்திருப்பது, பூட்டின வீட்டுக்குப் போய்த் திரும்புவது ஒரு மணி நேரம். பில் போடக்கூடிய நேரம் ஐந்து. அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு அவர் கூலி நான் நினைத்ததைவிட 1.6 மடங்கு. அதற்கு மேல் வண்டி, டூல், லீவு நாள், ரிப்பீட் கம்ப்ளைன்ட், என் நேரம். கட்டணத்தை ஏற்றாமல் ஆள் சேர்த்தால், எவ்வளவு ஆள் சேர்க்கிறோமோ அவ்வளவு வேகமாக முழுகலாம். ஏற்றினேன். சில பேர் போனார்கள், நினைத்ததைவிடக் குறைவாக.

இன்னொன்று, சம்பளம் மாசக் கடைசியில் கொடுத்தாக வேண்டும், ஆபீஸ் பில்லுக்கான பணம் 45 நாள், 60 நாள் கழித்து வரும். எங்களுக்கு அதிக வேலை நடந்த மாசத்தில்தான் வங்கிக் கணக்கில் மிகக் குறைவாகப் பணம் இருந்தது. இப்போதெல்லாம், புதிதாக ஒருவரைச் சேர்ப்பதற்கு முன் அவருடைய மூன்று மாசச் சம்பளம் தனியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிக்கிறேன்.

பணம் என்றதும் என் இன்னொரு கூத்து ஞாபகம் வருகிறது. மெக்கானிக் வேலையை விட மனசில்லாமல் பிடித்து வைத்திருந்த நான், பிடிக்காத கணக்கு வேலையை மட்டும் ஒரே நாளில் தூக்கிக் கொடுத்துவிட்டேன். பார்ட் டைமாக ஒருவர் வந்தார், "எல்லாத்தையும் நீங்களே பாத்துக்குங்க" என்றேன், அதற்கப்புறம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஒன்பது மாசம் கழித்துப் பார்த்தால், ஒரு வாடிக்கையாளருக்கு நாங்கள் நான்கு மாசமாகப் பில்லே அனுப்பவில்லை. கணக்கு பார்த்தவர் ஏமாற்றவில்லை, யார் அனுப்புவது என்று அவருக்கு நான் சொல்லவே இல்லை; ஜாப் ஷீட் என் வண்டியில் சீட்டுக்கு அடியில் கிடந்தது. ஒப்படைப்பது வேறு, கைகழுவுவது வேறு. இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரோடு இருபது நிமிஷம் உட்காருகிறேன். முடிந்த வேலை எத்தனை, அனுப்பிய பில் எத்தனை, இரண்டும் ஒன்றா? அவ்வளவுதான் கேட்பேன்.

ஆள் சேர்க்கிற நேரம் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் வெயில் காலத்தின் நடுவில், வேலை தலைக்கு மேல் போன பிறகு, அவசரமாக இரண்டு பேரைச் சேர்த்தேன். இருந்த நல்ல மெக்கானிக்குகள் புது ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பதிலேயே போனார்கள், முடிந்த வேலை முன்னைவிடக் குறைந்தது. ஐபிஎம்மில் பெரிய மென்பொருள் வேலைகளை நடத்திய ஃபிரெடரிக் புரூக்ஸ் 1975இலேயே எழுதிவிட்டார், தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று. மென்பொருளுக்கு மட்டுமில்லை சாமி. அவர் சொல்கிற இன்னொரு கணக்கும் உண்டு: மூன்று பேர் என்றால் ஒருவரோடு ஒருவர் பேச மூன்று இணைப்பு, ஐந்து பேர் என்றால் பத்து, எட்டுப் பேர் என்றால் 28. எட்டாவது ஆள் வந்தபோது 'நான் சொன்னேனே', 'என்கிட்ட யாரும் சொல்லல' என்ற பேச்சு ஏன் திடீரென்று பெருகியது என்பது எனக்கு அப்புறம்தான் விளங்கியது. நான்கு நான்கு பேராகப் பிரித்து குழுவுக்கு ஒரு மூத்த மெக்கானிக்கை வைத்தேன். சேர்ப்பது இப்போது வெயில் காலத்துக்கு நான்கு மாசம் முன்னால், வேலை குறைவாக இருக்கும்போது. சும்மா சம்பளம் கொடுக்கிற மாதிரி இருக்கும், பரவாயில்லை.

போன வாரம் ஒரு வீட்டுக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். அந்த மூத்த மெக்கானிக்குகளில் ஒருவர், ஒரு காலத்தில் என் பின்னால் டூல் பையைத் தூக்கிக்கொண்டு வந்த அதே பையன், உள்ளே இருந்தார். புது ஹெல்பர் ஸ்டூல் மேல் நின்று இன்டோர் யூனிட்டின் கவரைத் தப்பான பக்கத்திலிருந்து நெம்பிக்கொண்டிருந்தான். "குடுடா, நான் பண்ணா அஞ்சு நிமிஷம்" என்று ஒரு குரல். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

சாயங்காலம் அவரை வண்டியில் உட்கார வைத்து அந்த 180 நிமிஷக் கணக்கைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரிண்ணே, புரியுது. ஆனா இன்னிக்கு எனக்கு ஏழு வீடு போட்டிருந்தீங்க. அவன் பண்ற வரைக்கும் நின்னா அஞ்சுதான் முடிஞ்சிருக்கும். மத்த ரெண்டு வீட்டுக்கு யார் பதில் சொல்றது?"

என்னிடம் பதில் இல்லை. ராத்திரி மறுநாள் பட்டியலை எடுத்து அவர் பேருக்கு நேரே இருந்த ஏழை ஐந்தாக மாற்றினேன். அந்த இரண்டு வீட்டை யாருக்குப் போடுவது என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், கடைசியில் ஒன்றில் என் பேரை எழுதினேன், அப்புறம் அதை அடித்துவிட்டு அந்த வீட்டுக்கு ஃபோன் செய்து நாளன்றைக்கு வரட்டுமா என்று கேட்டேன்.